ஒரே சாலை உள்ள ஊர்

ஜனவரி 9, செவ்வாய்

மருந்து கம்பெனிக்காரர் கொடுத்த டைரி. வழக்கமாக மகள் லாவண்யாவிடம் கொடுத்துவிடுவேன். அவள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். சும்மா கிடப்பதற்கு நானே எழுதலாம் என்று எடுத்தேன்.

காலை ஏழு மணிக்குக் கறிவேப்பிலை வாங்கப் போன என் வீட்டுக்காரர் பத்தே கால் மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார். பாகலூர் ரோட்டில் ஏறினாராம். கடை எங்கள் தெருமுனையில் இருக்கிறது. பாகலூர் ரோடு ஊரின் மறுபக்கம்.

“பாலம் கட்டறேன்னு வழியெல்லாம் அடைச்சு வச்சிருக்கானுங்க சுகுணா. எந்தச் சந்துல பூந்தாலும் தகரம். ஊரா இது?” என்றார்.

நியாயம்தான். முப்பத்தோரு வருஷம் இந்த ஓசூரில் சர்வேயராக இருந்தவர். சங்கிலி பிடித்து இவர் அளக்காத நிலம் இல்லை. அவருக்கே வழி தெரியாதபடி ஊரை மாற்றி வைத்திருக்கிறார்கள். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லேபுக்கு ஒன்றரை மணி நேரம் தாமதம். ஸ்கூட்டர் பஞ்சர் என்று சொன்னேன்.

ஜனவரி 12, வெள்ளி

லேபில் தனியாக ஒரு சாம்பிள் ஓட்டினேன். பி12, தைராய்டு, சர்க்கரை, உப்பு. எல்லாம் நார்மல். மதியம் சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜனவரி 21, ஞாயிறு

அவரை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து ஊரைச் சுற்றி வந்தேன். ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றைக் காட்டி, “இது முனியப்பா கேழ்வரகுக் கொல்லை. சர்வே நம்பர் நானூத்திப் பன்னெண்டுல ரெண்டாவது உட்பிரிவு. வடக்கால ஒரு புங்கமரம்” என்றார். அடுத்ததில் ரோஜாத் தோட்டம் இருந்ததாம். அதற்கும் நம்பர் சொன்னார். மூன்று கிலோமீட்டருக்கு ஒரு நம்பர்கூடத் தடுமாறவில்லை. இவருக்கு ஞாபகம் இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

யாரும் சொல்லவில்லை. சும்மா எழுதினேன்.

முன்பெல்லாம் எந்தத் தெருவில் நின்றாலும் “சர்வேயர் சார்” என்று யாராவது வண்டியை நிறுத்துவார்கள். இன்று ஒருவரும் கூப்பிடவில்லை. எங்கள் பக்கத்து வீடு கம்பெனிப் பெண்களுக்கு ஹாஸ்டலாகிவிட்டது. எதிர்வீட்டில் யார் என்றே தெரியாது. நாற்பது வருஷத்துக்கு முன் மே மாதத்தில் கம்பளி போர்த்திய ஊர். இப்போது ஜனவரியில் மின்விசிறி சுற்றுகிறது.

பிப்ரவரி 4, ஞாயிறு

லாவண்யா வந்தாள். அவர் குளிக்கப் போனதும் அடுப்படிக்கு வந்தாள்.

“அம்மா, போன வாரம் அப்பா போன்ல ஒரே கேள்விய மூணு தடவ கேட்டாரு.”

“காது கொஞ்சம் மந்தம்.”

“காது இல்லம்மா. பெங்களூர்ல ஒரு நியூரோ டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். செவ்வாக்கிழமை.”

“ஊரு மாறிப்போச்சுடி. வழி தெரியாம தடுமாறுறது அவரு மட்டுமா? நானுந்தான்.”

நான் ஒரு நாளும் தடுமாறியதில்லை. பேச்சுக்குச் சொன்னது.

“நீ லேப்ல இருக்கறவ. ஒனக்குத் தெரியாதா?” என்று கேட்டாள். பெங்களூர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் களி கிண்டினேன். மாலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கென்று போட்ட எலுமிச்சை ஊறுகாயும் மேடையிலேயே இருக்கிறது.

பிப்ரவரி 17, சனி

தரிஹுன் போன் செய்தாள். எங்கள் ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் நர்ஸாக இருந்துவிட்டுப் போன வருஷம் மேகாலயாவில் சொந்த ஊருக்குத் திரும்பியவள். ஓசூரில் கற்ற தமிழ் மறக்கக் கூடாதென்று மாதம் ஒருமுறை என்னோடு பேசுவாள்.

“அக்கா, எங்க மிஷன் ஆஸ்பத்திரில லேப் ஆள் இல்ல. ரெண்டு வருஷமா இல்ல. ரத்த டெஸ்டுக்குக்கூட ஷில்லாங் போகணும். நீங்க வர்றீங்களா? வீடு குடுப்பாங்க.”

“ஊரு எப்படி?”

“சின்ன ஊரு. மழை ஜாஸ்தி. ஒரே ரோடு அக்கா. கீழ சந்தை, மேல சர்ச். அவ்ளோதான்.”

“ஒரே ரோடுதானா?”

“ஒண்ணுதான்.”

வேறு என்னென்னவோ பேசிவிட்டு மறுபடியும் அதையே கேட்டேன். அவள் சலிக்காமல் மறுபடியும் சொன்னாள்.

பிப்ரவரி 25, ஞாயிறு

அவரிடம் சொன்னேன். மறுப்பார் என்று எட்டு நாள் தயங்கியிருந்தேன். அவரோ லாவண்யாவின் பழைய பள்ளிக்கூட அட்லஸைத் தேடி எடுத்துவந்து மேகாலயாவின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தரிஹுன் ஊர்ப் பெயர் மாவ்திலங். ‘மாவ்’ என்றால் கல்லாம். அங்கே நிலம் குடும்பங்களுக்கும் குலங்களுக்கும் சொந்தம், ஓடையும் கல்லும் மரமும்தான் எல்லை, தங்கள் ஊரில் சர்வே நம்பரே கிடையாது என்று அவள் சொன்னதைச் சொன்னேன்.

“நம்பரே இல்லாத ஊரா?” சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு. “அப்ப எனக்கு அங்க ஒரு வேலையும் இல்ல. நிம்மதி.”

இவ்வளவு சீக்கிரம் சம்மதிப்பார் என்று நினைக்கவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

வீட்டை வாடகைக்கு எடுப்பவர்கள் பத்திரத்தோடு வந்தார்கள். கையெழுத்துப் போடும்போது இவர் ‘முனி’ என்று தன் பெயரில் பாதியை எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார். “பேனா சரியில்ல” என்று சொல்லி வேறு பேனா கொடுத்தேன். அவர் காதருகே குனிந்து “ரத்தினம்” என்றேன். எழுதினார். அழகான கையெழுத்து.

மார்ச் 30, சனி

லேபில் பிரிவு உபசாரம். வயசான காலத்தில் எல்லாரும் சொந்த ஊருக்குத் திரும்புவார்கள், நீங்கள் சொந்த ஊரை விட்டுப் போகிறீர்களே என்று கேட்டார்கள். இது அந்த ஊர் இல்லையே என்று சொன்னேன். கேக் நன்றாக இருந்தது.

லாவண்யாவுக்குப் போனில் சொன்னேன். “அப்பாவ ஒளிச்சு வைக்கக் கொண்டுபோற” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 8, திங்கள்

ரயிலில் மூன்றாவது நாள். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் தண்ணீர் பிடிக்க இறங்க வேண்டும் என்கிறார். நானும் கூடவே இறங்குகிறேன். எதிர் சீட் அம்மா, “எவ்ளோ ஒட்டுதலா இருக்கீங்க ரெண்டு பேரும்” என்றார்.

ஏப்ரல் 14, ஞாயிறு

போன புதன்கிழமை குவாஹாத்தியிலிருந்து சுமோவில் ஏழு மணி நேரம் ஏறி வந்தோம். சாலை உண்மையிலேயே ஒன்றுதான். கீழே சந்தைத் திடல், நடுவில் ஆஸ்பத்திரி, மேலே சர்ச். வீடுகள் எல்லாம் அந்தச் சாலையைப் பார்த்தபடி இருக்கின்றன. எங்கள் வீடு தகரக் கூரை, மரத் தரை, மூன்று படி. வாசலிலிருந்து லேப் ஜன்னல் தெரிகிறது.

தரிஹுனின் அம்மா தட்டில் பச்சைப் பாக்கும் வெற்றிலையும் சுண்ணாம்பும் வைத்து நீட்டினார். வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் அதுதான். பாக்கைக் கடித்ததும் எனக்கு வியர்த்துத் தலை சுற்றியது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. “நம்ம ஊருப் பாக்கு இதுக்குத் தம்பி” என்று இரண்டாவதும் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

இன்று சித்திரை முதல் நாள். இங்கே யாருக்கும் தெரியாது. வெல்லம் கிடைக்கவில்லை. சர்க்கரைப் பாயசம்.

மே 5, ஞாயிறு

நிம்மதியான நாட்கள். தினமும் நாலு மணிக்குச் சர்ச்வரை ஏறி, திரும்பிக் கீழே சந்தைவரை இறங்கி, வீட்டுக்கு வருகிறார். எல்லாரும் கையசைக்கிறார்கள். அவருக்கு யார் பெயரும் தெரியாது. எனக்கும் தெரியாது. ஒரு பெயரை மறந்தாலும் யாரும் தப்பாக நினைப்பதில்லை. புதிதாக வந்தவர்கள்தானே.

லேபில் இரண்டு வருஷத் தூசி. மைக்ரோஸ்கோப்பைச் சுத்தம் செய்யவே மூன்று நாள் ஆனது. முதல் வாரமே நாலு மலேரியா பிடித்தேன். டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

மே 19, ஞாயிறு

அவர் ஊரை அளந்து வரைபடம் போட்டிருக்கிறார். சங்கிலியும் இல்லை, டேப்பும் இல்லை. காலடியால் அளந்து, வளைவு, படி, ஓடை, நடுகல் எல்லாம் ஒரு சார்ட் பேப்பரில். ஊர்த் தலைவர் வந்து பார்த்து, தன் வீட்டைக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டார். உடனே போட்டோ எடுத்து லாவண்யாவுக்கு அனுப்பினேன். ‘பார், உங்கப்பா வரைந்தது’ என்று எழுதினேன். படித்துவிட்டதற்கு நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை.

தலைவர் போன பிறகு நிதானமாகப் பார்த்தேன். எங்கள் வீடு அதில் இல்லை. ஆஸ்பத்திரி இருந்தது, பக்கத்து வீட்டுப் பன்றிக் கொட்டகைகூட இருந்தது.

“நம்ம வீட்டப் போடலையே?” என்றேன்.

வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “நாம எங்க இருக்கோம்?”

இடத்தைக் காட்டினேன். ஒரு சதுரம் போட்டார்.

ஜூன் 12, புதன்

பெரிய மழை. எழுத எதுவும் இல்லை.

ஜூன் 13, வியாழன்

நேற்று எழுதாததை இன்று எழுதுகிறேன்.

மழையில் கரண்ட் போய்விட்டதால் லேபை மூடிவிட்டு மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்தேன். அவர் இல்லை. குடை ஆணியில் தொங்கியது. ஜன்னலுக்குப் போனேன். எங்கள் படிக்குக் கீழே, சாலையோரத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் வந்த பிறகு வந்தாரா, அந்தப் பக்கம் ஒதுங்கி நின்றவரை நான்தான் கவனிக்காமல் வந்தேனா, தெரியவில்லை. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. வீட்டைப் பார்ப்பதும் சாலையைப் பார்ப்பதுமாக இருந்தார்.

கதவைத் திறந்தேன். உள்ளே வரவில்லை. ஓரடி பின்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

“மன்னிக்கணும்மா. இங்க சுகுணான்னு ஒருத்தங்க. ஆஸ்பத்திரில வேலை. அவங்க வீடு எதுன்னு தெரியுங்களா?”

அளக்கப் போன இடங்களில் வீட்டுப் பெண்களிடம் அப்படித்தான் பேசுவார். தலையைக் குனிந்துகொண்டு, மரியாதையாக.

“தெரியும். உள்ள வாங்க, காட்டறேன்” என்றேன்.

செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, தரை நனைந்துவிடும் என்று கூச்சப்பட்டு ஓரமாக நின்றார். தலையைத் துவட்டப் போனபோது துண்டைத் தானே வாங்கிக்கொண்டார். காப்பி கொடுத்தேன். பாதி டம்ளர் குடித்ததும் நிமிர்ந்து, “சுகுணா, சர்க்கரை ஜாஸ்தி” என்றார்.

இங்கே பாலம் கட்டவில்லை. தகரம் அடிக்கவில்லை. எந்த வீட்டையும் இடித்து மாடி எழுப்பவில்லை. ஊர் அப்படியேதான் இருக்கிறது.

ஜனவரியில் நான் ஓட்டிய சாம்பிள் அவருடையது. சர்க்கரை பார்க்கலாம் என்று சொல்லி எடுத்தேன். பி12 குறைந்திருந்தால் ஊசி, தைராய்டு என்றால் மாத்திரை. ஏதாவது ஒன்று கெட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அன்றைக்கே எனக்குத் தெரியும். அதற்குப் பிறகும் ஊர்மேலேயே பழியைப் போட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

மதியம் தரிஹுனிடம் சொன்னேன். ஊசி போடும் அறையில், ஸ்டெரிலைசர் ஓடிக்கொண்டிருக்கும்போது. சொல்லி முடிக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது.

“தெரியும் அக்கா” என்றாள்.

“எப்ப?”

“ஓசூர்லயே. சார் உங்கள கூட்டிட்டுப் போக வருவாங்க இல்ல. ஒரு நாள் லேப் வாசல்ல நின்னு, ‘இது என்ன ஆபீஸ்’னு எங்கிட்ட கேட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும். எல்லாருக்கும் தெரியும் அக்கா. நீங்க சொல்லல, நாங்களும் கேக்கல.”

“அப்ப என்னைக் கூப்பிட்டது?”

“லேப் ஆள் வேணும். அது நிஜம். ஆனா, ஒரே ரோடுன்னு உங்களுக்காகத்தான் சொன்னேன்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. பத்துப் பேர் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த விஷயத்தை நான் மட்டும் மூடி வைத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் கோபம் போய்விட்டது. அவள் தோளில் சாய்ந்து அழுதேன். என்னைவிட ஒரு அடி குள்ளம் அவள்.

லாவண்யாவைப் போனில் கூப்பிட்டு, “நீ சொன்னது சரி” என்றேன்.  

ஜூலை 2, செவ்வாய்

ஷில்லாங்கில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் கடிகாரம் வரையச் சொன்னார். வட்டம் காம்பஸ் வைத்தது போல இருந்தது. எண்கள் எல்லாம் ஒரே பக்கம்.

ஜூலை 3, புதன்

திரும்பும் வழியில் டீக்கடையில் வண்டி நின்றது.

“டாக்டர் என்ன சொன்னாரு?” என்று கேட்டார்.

இரண்டு பொய்கள் வாய்வரை வந்தன. “மறதி நோய்ங்க. போகப் போகக் கூடும். மாத்திரை கொஞ்சம் மெதுவாக்கும்” என்றேன்.

தலையாட்டிக்கொண்டார். டீயை ஆற்றினார்.

“ரிட்டயர் ஆகறதுக்கு முந்தின வருஷம், மத்திகிரிப் பக்கம் ஒரு நிலத்தக் காலைல அளந்தேன். சாயங்காலம் அதே நிலத்துக்குப் போய் மறுபடியும் சங்கிலி போட்டேன். கூட வந்த தலையாரிதான், ‘சார், இது ஆயிடுச்சுங்க’ன்னான். திரும்பிப் பாத்தா, காலைல நானே அடிச்ச சுண்ணாம்புக் கோடு.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீ பயந்துக்குவ.”

“இங்க வர்றதுக்கு உடனே சரின்னீங்களே?”

“அங்க இருந்தா, சர்வேயருக்கே வழி தெரியலன்னு பேசுவாங்க சுகுணா. இங்க நான் யாருன்னே தெரியாதுல்ல.”

அவர் மூன்று வருஷமாகவும் நான் ஆறு மாதமாகவும் ஒரே வீட்டில் ஒருவரிடமிருந்து ஒருவர் ஒரே விஷயத்தை ஒளித்து வைத்திருந்திருக்கிறோம். அவர் என் டம்ளரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்க் கடையில் கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சரியாகத் திரும்பி வந்தார்.

ஜூலை 20, சனி

லாவண்யா வந்திருக்கிறாள். அவர் அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டார். அதற்கே அவள் உடைந்துபோனாள்.

“கோயம்புத்தூர் வந்துடுங்கம்மா ரெண்டு பேரும்.”

“நீங்க ரெண்டு பேரும் எட்டரைக்கு ஆபீஸ் கிளம்பினா, எட்டாவது மாடில அவரப் பூட்டி வைக்கணும். கீழ எறங்கினா ஒருத்தருக்கும் தெரியாது.”

“இங்க மட்டும் தெரியுமா? பாஷையே தெரியல உனக்கு.”

“தெரியாது. அதான் சொல்லப் போறேன்.”

“யார்கிட்ட?”

“எல்லார்கிட்டயும்.”

சொன்ன பிறகுதான் எனக்கே அது புரிந்தது. ஓசூரில் அவரைக் கண்டால் வண்டியை நிறுத்துகிறவர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். அவர்கள் போய்விட்டார்கள், உண்மைதான். ஆனால் மிச்சமிருந்தவர்களிடமும் நான் சொல்லவில்லையே. பூக்காரம்மா இருந்தார். பால்காரர் இருந்தார். பஞ்சர் என்று சொன்னேன், பேனா சரியில்லை என்று சொன்னேன்.

ஜூலை 21, ஞாயிறு

தரிஹுன் இரண்டே வாக்கியங்களை அவர்கள் பாஷையில், தமிழ் எழுத்தில், சீட்டில் எழுதச் செய்தாள். ‘என் கணவருக்கு வழி மறந்துபோகிறது. தனியாகப் பார்த்தால் தயவுசெய்து வீட்டுக்குக் கூட்டி வாருங்கள்.’ அவரிடமும் கேட்டேன், சொல்லலாமா என்று. சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, “நானும் வர்றேன். ஆளக் காட்டாம எப்படி?” என்றார்.

நாலு பேரும் கீழே சந்தையிலிருந்து ஆரம்பித்தோம். முதல் வீட்டில் பாதியில் சீட்டை நீட்டிவிட்டேன். தரிஹுன்தான் முடித்தாள். மூன்றாவது வீட்டில் உச்சரிப்பைத் திருத்தினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் பாக்கும் வெற்றிலையும். லாவண்யாவுக்கு முகம் சிவந்து வியர்த்தது. வழியெல்லாம் அவள் அப்பா கையைப் பிடித்திருந்தாள். மேலே ஏற ஏறச் சீட்டைப் பார்க்காமலே எனக்குச் சொல்ல வந்தது.

சர்ச்சுக்கு முந்தின டீக்கடையில் ஒரு வயதான அம்மா, கொங் பிலா என்று பெயர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்து ஏதோ கேட்டார்.

“என்ன கேக்கறாங்க?”

“டீல பால் போடணுமா வேண்டாமான்னு” என்றாள் தரிஹுன். “வழி தெரியாம வந்தா இங்க உக்கார வச்சு டீ குடுத்துட்டுத்தான் கூட்டி வருவாங்களாம். அதுக்குக் கேக்கறாங்க.”

“பால் வேணும்” என்றார் அவர். “சர்க்கரை கம்மியா.”

ஜூலை 27, சனி

லாவண்யா கிளம்பினாள். டிசம்பரில் மாப்பிள்ளையோடு வருவதாகச் சொல்லி டிக்கெட்டும் போட்டுவிட்டாள். சுமோவில் ஏறும்போது அவள் அப்பா, “போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு” என்றார். வண்டி கிளம்புவதற்குள் இன்னும் இரண்டு முறை சொன்னார். மூன்று முறையும் அவள் “சரிப்பா” என்றாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

லேபில் பன்னிரண்டு சாம்பிள். ஒரு டைபாய்டு. வரும் வழியில் கீரை.

நாலு மணிக்கு நடக்கக் கிளம்பினார். ஐந்தே காலுக்கு வந்துவிடுவார். ஐந்தரை ஆனது. ஐந்தே முக்கால் ஆனது. வாசலுக்குப் போகவில்லை. அரிசி களைந்து உலை வைத்தேன். கீரையை ஆய்ந்தேன்.

ஆறு அடிக்கச் சற்று முன் சாலையில் பேச்சுக் குரல் கேட்டது. கொங் பிலா தன் பாஷையில் ஏதோ கதை சொல்லிக்கொண்டு இறங்கி வந்தார். இவர் தமிழில் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரே குடை. இருவருக்கும் அவசரம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.